அவரவர் வீட்டில், அதே ஐந்து மணிக்கு

குமுளியில் ஏலக்காய் விற்பவளுக்குக் கோபம் ஆகாது. சுற்றுலா வருகிறவர்கள் பத்து டப்பாவைத் திறக்கச் சொல்வார்கள். இரண்டு காயைக் கடித்துப் பார்ப்பார்கள். பட்டையை ஒடித்து மோந்து பார்ப்பார்கள். கடைசியில் கீழே கம்பத்தில் இன்னும் மலிவாமே என்று நடையைக் கட்டுவார்கள். சிரித்த முகத்தோடு மூடி வைக்க வேண்டும். என் கணவர் இருந்தவரை நானும் அப்படித்தான் இருந்தேன். அவர் போன பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் கிராம்பை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு இது பழைய சரக்கு என்று சொன்ன ஒரு பெரிய மனிதரிடம், "பழசுன்னா கீழ வச்சிட்டுப் போங்க, ஒங்க கை பட்டுத்தான் அது வாடையடிக்குது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் முதலாளி சாவியைக் கொடுக்கும்போது, "கடைக்கு வாரவுகள வெரட்டுறதுக்கு நான் ஒரு நாய வளத்துக்கிருவேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. என் கணவர் ஜீப் ஓட்டியவர். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று சுக்குக் காப்பி கேட்டார், நான் அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் போய்விட்டார். ஒரே மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். மற்ற நாள் எல்லாம் வீட்டுக்குள் நானும் என் கோபமும்தான். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவர் மேல், குழாய் மேல், பக்கத்து வீட்டு டிவி மேல் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று அகப்படும். படுத்தால் தூக்கம் மட்டும் அகப்படாது.

கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு தையல் கடை இருக்கிறது. அதை வைத்திருந்தவள் என் தோழி. என்னைவிட மூத்தவள், அதனால் யக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளும் எஸ்டேட் குடும்பம், நாங்களும் எஸ்டேட் குடும்பம். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் பழனி முருகனைக் கும்பிடுகிறவர்கள். இந்த வித்தியாசம் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் பொங்கல் பொங்கலுக்கும் மட்டும்தான் உதவும். கிராம்பு விவகாரத்தை அவள் வாசலில் நின்று பார்த்திருந்தாள். சாயந்தரம் வந்து, "ஏ புள்ள, சனிக்கெழம எங்கூட வா. எங்க சர்ச்சுல தியானம் பண்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. யாரும் ஒங்கிட்டப் பேச மாட்டாக, நீயும் பேச வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்றாள்.

"சும்மா உக்கார எதுக்கு சர்ச்சுக்கு வரணும்? அதுக்கு என் வீடே கெடக்குதே."

"வீட்டுல நீ சும்மாவா உக்காந்திருக்க?"

அந்தச் சனிக்கிழமை போனேன்.

சர்ச்சுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் அறை அது. சுவரெல்லாம் கலர் பென்சிலில் வரைந்த ஆட்டுக்குட்டிகள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவர் ஒரு டீச்சர். மலையாளத்துக்காரர், ஆனால் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவருடைய பேச்சு இரண்டும் கலந்து வரும். முதுகை நேராக வைத்து, கண்ணை மூடி, ஒரே ஒரு வார்த்தையை மனதுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மாரநாதா. ஆண்டவரே வாரும் என்று அர்த்தமாம். அர்த்தத்தையும் யோசிக்க வேண்டாம், வார்த்தையை மட்டும் காதால் கேட்பதுபோல் உள்ளே கேட்டுக்கொண்டிரு என்றார். அரை மணி நேரம். சின்ன மணியை ஒருமுறை அடித்தால் ஆரம்பம், இன்னொரு முறை அடித்தால் முடிவு.

முதல் நாள் எனக்குள் சந்தை கூடிவிட்டது. கேஸ் சிலிண்டர், மகனுடைய இருமல், முதலாளியின் நாய், எல்லாம் வரிசை கட்டி வந்தன. முடிந்ததும் டீச்சரிடம், எனக்கு இது சரிப்பட்டு வராது, வேறு என்னென்னவோ வருகிறது என்றேன். அவர் சிரித்தார். "வர்றது வரட்டே மோளே. அதுகூடச் சண்ட போடண்டா. வந்துச்சுன்னா விட்டுட்டு, திரும்பி அந்த வார்த்தைக்கு வா. நூறு தடவ போனாலும் நூறு தடவ திரும்பி வந்தாப் போதும்." அவ்வளவு லேசான ஒரு காரியத்தை எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை. தப்பே செய்ய முடியாத ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. வரும்போது வணக்கம்கூடச் சொல்வதில்லை, தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். மணி அடித்த பிறகு வருகிறவர்கள் கதவைத் தட்டக் கூடாது. வெளியே செருப்புகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரம்பித்துவிட வேண்டும். பஸ் ஏமாற்றும் நாட்களில் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இருந்தாலும் உள்ளே இருந்ததாகவே கணக்கு. முடிந்ததும் பால் விடாத கட்டன் சாயா, சில நாள் அவித்த கப்பைக் கிழங்கு, கொஞ்ச நேரம் பேச்சு. நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எதிலும் சேரச் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது டீச்சர் பஸ் ஏறி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். என் கணவருக்குத் திதி வந்த வாரத்தில், நான் கேட்காமலே, இன்றைக்கு இவள் வீட்டுக்காரருக்காக உட்காருவோம் என்றார்கள். சொந்தக்காரர்கள்கூட அந்த வருஷம் திதியை மறந்திருந்தார்கள்.

சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. பிறகு ஞாயிறும் வந்தது. கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளி, "என்ன, மருந்து எதுவும் சாப்பிடுறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியிருக்கும். ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து நானும் தோழியும் பஸ்ஸுக்கு நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது, மனசு லேசாக இருந்தது. லேசாக இருந்தால் என் வாய்க்கு வேலி கிடையாது. "யக்கா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. சில நாளு அந்த வார்த்தையச் சொல்லிக்கிட்டே இருக்கையில நடுவுல முருகான்னு வந்துருது. நான் வரச் சொல்லல, அதுவா வருது" என்றேன். அவள் சிரிக்காமல் என்ன செய்வாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவுக ரெண்டு பேரும் வழியில பாத்துப் பேசிக்கிருவாக, நீ விடு" என்றாள். நானும் சிரித்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சருக்கு முழங்காலில் ஆபரேஷன் என்றார்கள். அது நிஜம்தான். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நானே பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது, மருந்து மயக்கம் என்று நினைத்தேன். அந்த வாரம் தோழி கடைக்கு வந்து, "டீச்சர் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் கூட்டம் இல்ல புள்ள. அதுவரைக்கும் அவுகவுக வீட்டுலயே அதே அஞ்சு மணிக்கு உக்காரணும்னு பேசிருக்கோம். தனியா உக்காந்தாலும் ஒண்ணா உக்காந்த மாதிரிதான்" என்றாள்.

எனக்கு அது பிடித்துப்போனது. சனிக்கிழமை ஐந்து மணி என்றால் ஏரியில் படகுச் சவாரி முடிந்து கூட்டம் கடைவீதிக்கு வரும் நேரம். அதுவரை அந்த நாளில் மதியத்தோடு கிளம்பிவிடுவேன்; இனி ராத்திரி வரை இருக்கிறேன், நடுவில் அரை மணி நேரம் மட்டும் விடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "போயிட்டு வா. நீ கீழ நின்னு கத்துறதுக்கு அது லாபம்" என்றார். கடைக்கு மேலே சரக்கு மூட்டை அடுக்கும் மச்சு இருக்கிறது. ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்து உட்காருவேன். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் மனதால் ஒருமுறை போய் வருவேன். டீச்சர் ஈஸி சேரில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டத்துக்கு வரும் ரிட்டயர்டு பஸ் டிரைவர் அண்ணன் தன் வீட்டு வராந்தாவில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். தோழி மெஷினுக்கு முன்னால் இருப்பாள். இப்படி எல்லாரையும் பார்த்த பிறகுதான் வார்த்தையை எடுப்பேன். கீழே சுற்றுலாக் கூட்டம் இரைச்சல் போடும், ஜீப்புகள் ஹாரன் அடிக்கும். அந்த மச்சில் நான் தனியாக இருந்ததாக ஒரு நாளும் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் அறையில் உட்கார்ந்ததைவிட அங்கேதான் எனக்கு நன்றாகக் கூடி வந்தது.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. கூட்டம் எப்போது திரும்ப ஆரம்பிக்கும் என்று நான் கேட்பேன். பாப்போம் புள்ள என்பாள் தோழி. வேதபாட அறையில் ஓடு ஒழுகுகிறது என்பாள். திங்கட்கிழமை பார்த்தால் அவளே கேட்பாள், "சனிக்கெழம உக்காந்தியா?" நான் உட்கார்ந்தேன் என்று சொல்லிவிட்டு, "நீ?" என்பேன். "உக்காந்தேன்" என்பாள். பிறகு நாங்கள் விலைவாசி பேசுவோம்.

ஒருநாள் திடீர் ஹர்த்தால். எதற்கு என்று ஞாபகம் இல்லை, இங்கே ஹர்த்தாலுக்குக் காரணம் கேட்டு யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பஸ் இல்லை, கடை இல்லை. சனிக்கிழமை வேறு. மச்சுக்குப் போக முதலாளியிடம் சாவி கேட்பதற்குப் பதிலாக யக்கா வீட்டுக்கே போனால் என்ன என்று தோன்றியது. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று. தேங்காய் வெல்லம் வைத்துக் கொழுக்கட்டை அவித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டேன். அவள் வீடு சக்குபள்ளம் போகும் வழியில், ஏலத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. வண்டி இல்லாத ரோட்டில் நடப்பது நன்றாகவே இருந்தது. மேட்டில் மூச்சு வாங்கியதால் போய்ச் சேர ஐந்து தாண்டிவிட்டது.

கதவு சாத்தியிருந்தது. படியில் செருப்புகள் கிடந்தன.

செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்லும் அளவுக்கு அவர்களை எனக்குத் தெரியும். டிரைவர் அண்ணனுடைய டயர் செருப்பு, வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியது. டீச்சருடைய பட்டை வைத்த ஆஸ்பத்திரிச் செருப்பு, பக்கத்தில் சுவரில் சாய்த்த கைத்தடி. பஸ் இல்லாத நாளிலும் எல்லாருடையதும் இருந்தது. உள்ளே சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா. ஆள் இல்லாத வீட்டின் அமைதி வேறு, எட்டுப் பேர் சேர்ந்து பேசாமல் இருக்கும் அமைதி வேறு.

நான் என்ன செய்தேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. கதவைத் தட்டவில்லை. பழகின மாடு தொழுவத்துக்குப் போவதுபோல, செருப்புகளுக்குப் பக்கத்தில் தூக்குவாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்த பிறகு வந்தவள் வெளியேதான் உட்கார வேண்டும். இன்றைக்குத்தான் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள், பஸ் இல்லாததால் எனக்குச் சொல்ல முடியவில்லை என்று மனதுக்குள் அவர்களுக்காக நானே வக்கீல் வேலை பார்த்தேன். ஆனால் கண் எதிரே சுவரில் வரிசையாக ஆணி அடித்துக் குடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆணிகளுக்குக் கீழே, பல மழைக்கு ஈரக்குடை மாட்டி மாட்டிச் சுண்ணாம்பில் தண்ணீர்க்கறை கோடு கோடாக இறங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமையில் அந்தக் கறை வராது.

வார்த்தையை எடுத்தேன், வரவில்லை. மச்சும் சாக்கும்தான் வந்தன. ஒவ்வொரு வீடாக நான் போய்ப் பார்த்தேனே, அந்த ஈஸி சேரில் டீச்சர் இல்லை, அந்த வராந்தாவில் அண்ணன் இல்லை. எல்லாரும் இங்கே இருந்திருக்கிறார்கள். நான் ஆளில்லாத வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன்.

உள்ளே மணி அடித்தது. நாற்காலி நகர்ந்தது, யாரோ இருமினார்கள், கதவு திறந்தது. திறந்தவள் தோழிதான். சாயாத் தம்ளர் அடுக்கிய தட்டை ஒரு கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"எப்ப வந்த புள்ள?"

"நீங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்ட பெறகு வந்தேன். எப்ப இருந்து யக்கா இங்க நடக்குது?"

அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். யாரும் எழுந்து வரவில்லை. டீச்சர் மடியில் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணன்தான் கடைசியில் வாயைத் திறந்தார். நல்ல மனுஷர், நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "ஒன்னய மறக்கலத்தா. ஒவ்வொரு வாரமும் ஒனக்காகவும் சேத்துத்தான் ஜெபிக்கிறோம்."

"ஆளு இருக்கையிலயே படத்துக்கு மால போடுறீகளா?" என்றேன். "நான் ஒவ்வொரு வாரமும் ஒங்க கூட உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மூட்டைக்கு நடுவுல, சாக்க விரிச்சு."

டீச்சர் எழுந்திருக்க முயன்றார். கைத்தடி வெளியே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

தோழி ரோடு வரை பின்னாலேயே வந்தாள். செருப்புப் போடாமல் வந்ததால் கல்லில் தத்தித் தத்தி நடந்தாள். "புது அச்சன் ஒத்துக்கல புள்ள. ஞானஸ்நானம் வாங்காதவுகள உக்கார வைக்கக் கூடாதுன்னுட்டாரு. ஒங்கிட்டச் சொன்னா நீ தாங்க மாட்டியேன்னுதான் சொல்லல" என்றாள். அவள் அழுதாள். நான் அழவில்லை. தாங்குவேனா மாட்டேனா என்பதை என்னைக் கேட்காமல் இவர்களே எப்படி முடிவு செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஆனாலும் ஒரு ஓரத்தில் மனசு கொஞ்சம் சமாதானம் ஆனது. சர்ச்சுச் சாமியாரே சொன்னால் பாவம் இவர்கள் என்ன செய்வார்கள், கோபத்தை அவர் மேல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் எனக்கு இருக்க முடியாது. மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்து எல்லாரும் போகும்வரை சர்ச் வாசலில் நின்றேன். அச்சன் சின்ன வயசுக்காரர். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தார், சேச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன் என்றார். என்னை ஏன் வரக் கூடாது என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "நான் அப்படிச் சொல்லலியல்லோ சேச்சி. நான் வந்த புதுசில, ஒரு ஹிந்து சேச்சி வந்துகொண்டிருந்தாங்க, இப்ப அவங்களே நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்கு வருத்தம் ஆயி. வந்தா நல்லதுதானே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவரின் முகத்தில் வருத்தம் அவ்வளவு சீக்கிரம் வராது. நானே நின்றுவிட்டேனாம். அவர்கள் என்னை வெளியே வைத்ததையும் என் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் தோழி தூக்குவாளியைக் கொண்டுவந்தாள். துலக்கித் துடைத்து, உள்ளே இரண்டு துண்டு கேக் வைத்திருந்தாள். ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதில் அவள் கெட்டி. கடையில் அப்போது ஆள் இல்லை.

"அச்சனப் பாத்தேன் யக்கா" என்றேன்.

அவள் தராசைப் பார்த்தாள், டப்பாக்களைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் நான் சொன்ன முருகா கதையை அவள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். "கோள் மூட்டணும்னு சொல்லல புள்ள, சத்தியமா. ஒனக்கு ஏதாச்சும் வழி சொல்லுவாகன்னுதான் சொன்னேன்." டீச்சர் அதைக் கூட்டத்தில் கேட்டிருக்கிறார். இரண்டு பேர், ஜெபத்துக்குள் வேறு சாமி பேர் வந்தால் தங்கள் மனசு கலைகிறது, இனிமேல் அவள் பக்கத்தில் உட்கார முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதையும் சொன்னாள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த நேரத்தில் டீச்சருக்கு ஆபரேஷன் வந்தது. ஆபரேஷன் நல்ல சாக்காகப் போயிற்று. அவரவர் வீட்டில் உட்காருவது என்ற யோசனை யாருடையது என்று கேட்டேன்.

"என்னோடதுதான். நீ ஒரேயடியா விட்டுட்டு நிக்கக் கூடாதேன்னு."

அவள் அதைச் சொன்னபோது முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்கு ஏதோ மிச்சம் வைத்துக் கொடுத்துவிட்டதாக அவள் நிஜமாகவே நம்பினாள். என் மனசுக்குள் வந்த பேரை அவளிடம் மட்டும்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே வாங்கி, கூட்டத்தில் கொண்டுபோய் அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் வாரா வாரம் வந்து, உட்கார்ந்தியா என்று கேட்டிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவள் அறுத்த கழுத்துக்கு மருந்தும் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கேக்கை முதலாளிக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே டீச்சர் வந்தார். கைத்தடியோடு கடைப்படி ஏற முடியாமல் கீழேயே நின்றார், நான் ஸ்டூலைத் தூக்கிப்போட்டேன். கோபம் இருந்தாலும் வயசானவரை நிற்க வைக்க முடியுமா. அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "தெற்று, தப்பு எங்க மேல. நீ திரும்பி வரணும். எல்லாரும் சம்மதிச்சிருக்காங்க."

"டீச்சர், மொத நாளு நான் ஒங்ககிட்டக் கேட்டேன், வேற என்னென்னமோ வருதேன்னு. வந்தா விட்டுட்டுத் திரும்பி வான்னு சொன்னது நீங்கதான். முருகான்னு வந்துச்சு. விட்டுட்டுத் திரும்பித்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தேன். நீங்க சொன்னதத் தவிர நான் வேற என்ன செஞ்சேன்?"

ஒரு குடும்பம் வந்து ஜாதிக்காய் என்ன விலை என்று கேட்டது, சொன்னேன், வாங்காமல் போனார்கள். அப்புறம் டீச்சர், "அன்னைக்குக் கூட்டத்துல இத நான் சொல்லியிருக்கணும். சொன்னா அவங்க ரெண்டு பேரும் போயிடுவாங்கன்னு பயமாப் போச்சு. ரெண்டு பேர் போறதுக்கு ஒருத்தி போறது பரவாயில்லன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

இதை அவர் மறைக்காமல் சொன்னதற்காக எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை திரும்பியது. நான் ஒருத்தி என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக விளங்கியது.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. மச்சுக்கு ஏறினால் வெறும் மச்சாக இருந்தது. ஒரு வாடிக்கையாளரிடம் குரல் உயர்ந்து முதலாளி திரும்பிப் பார்த்தார். மானத்தைப் பார்த்தால் தூக்கம் போகிறது, தூக்கத்தைப் பார்த்தால் மானம் போகிறது. தூக்கத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸைத் தவறவிடாமல் பிடித்து, மணி அடிப்பதற்கு முன்பே தோழி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். எல்லாரும் தலையை அசைத்தார்கள். அந்த இரண்டு பேரும் அசைத்தார்கள். தோழி எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். டீச்சர் மணியை அடித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

எனக்கு மூட முடியவில்லை. மூடப் போனால் இமை தானாகத் திறந்துகொண்டது. என் கண் மூடியிருந்தபோது இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்றே, இனி எப்படி மூடுவது. கொஞ்ச நேரம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். திறந்த கண்ணோடு ஒவ்வொருவராகப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த முகங்களை அப்படிப் பார்த்ததே இல்லை, பார்க்கும் நேரத்தில் நானும் கண்ணை மூடியிருந்தேன்.

டிரைவர் அண்ணனின் வாய் லேசாகத் திறந்திருந்தது, தூங்கும் குழந்தையின் வாய்போல. டீச்சரின் நெற்றியில் இருந்த கோடுகள் காணாமல் போயிருந்தன. அந்த இரண்டு பேரில் ஒருத்தி மெல்லச் சிரித்த மாதிரி இருந்தாள். தோழியைப் பார்த்தேன். கை இரண்டையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நடிப்பு இல்லை. அவளை எனக்குத் தெரியும், அவளுக்கு நடிக்க வராது. என்னிடம் உட்கார்ந்தியா என்று கேட்ட எல்லா வாரமும் இந்த முகத்தோடுதான் இந்த நாற்காலியில் இருந்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமையாவது என் நினைப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, அந்த வார்த்தை வராமல் தவித்திருப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலும். அந்த முகத்தில் அதற்கு இடமே இல்லை. எனக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது, எல்லாருக்கும் கிடைத்திருந்தது, நான் இல்லாமலே கிடைத்திருந்தது.

மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்துவிட்டேன். நாற்காலி சத்தம் போட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை, அதுதான் அவர்கள் பழக்கம்.

திங்கட்கிழமை தோழி கடைக்கு வந்தாள். உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏன் புள்ள பாதியில எந்திரிச்சுப் போயிட்ட? யாராச்சும் எதாச்சும் சொன்னாகளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல யக்கா. எல்லாரும் நிம்மதியா இருந்தீக. அதத்தான் என்னால பாக்க முடியல."